வீட்டிலேயே தயாரிக்கும் கிருமிநாசினி: எது கொல்லும், எது மணக்க மட்டும் செய்யும்

வினிகரையும் சமையல் சோடாவையும் ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுகத் திருகி வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, 'டப்' என்று ஒரு சத்தம். வந்து பார்த்தால் பாட்டில் வயிறு உப்பிச் சாய்ந்து கிடக்கிறது, மூடியைக் காணோம், சுவரெல்லாம் புளித்த வாடையோடு தண்ணீர் வழிகிறது. இயற்கையாகக் கிருமிநாசினி செய்கிறேன் பேர்வழி என்று நான் இறங்கிய முதல் நாள் அது.

சுவரைத் துடைக்கும்போதுதான் உறைத்தது. அமிலமும் காரமும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். பொங்கி வருவது கரியமில வாயு. அது போனபின் மிஞ்சுவது சோடியம் அசிடேட் என்கிற உப்பு கரைந்த தண்ணீர், அவ்வளவுதான். பார்க்க ஏதோ பெரிய வேலை நடப்பதுபோல இருக்கும். நடந்ததோ, தனித்தனியே உருப்படியாக உழைத்திருக்கக்கூடிய இரண்டு பொருளை வீணாக்கியது. வீட்டுக் குறிப்பு என்று சுற்றிவரும் பல கலவைகளின் கதை இதுதான். அதனால் என்ன கலப்பது என்பதற்கு முன்னால், எந்தப் பொருள் என்ன வேலை செய்யும் என்பதைப் பார்த்துவிடுவோம்.

கழுவுவது வேறு, கொல்வது வேறு

சோப்புப் போட்டுத் தேய்க்கும்போது பெரும்பாலான கிருமிகள் சாவதில்லை. எண்ணெய்ப் பிசுக்கோடும் அழுக்கோடும் சேர்ந்து கழன்று, தண்ணீரோடு போய்விடுகின்றன. இன்ஃப்ளூயன்சா, கொரோனா மாதிரி மேலே கொழுப்பு உறை போர்த்திய வைரஸ்களை மட்டும் சோப்பு உடைத்தே போட்டுவிடும். கிருமிநாசினியின் வேலை இதற்கு அடுத்த கட்டம். கழுவியும் போகாமல் ஒட்டிக்கொண்டிருப்பதை, இருந்த இடத்திலேயே கொல்வது.

இந்த வரிசையை மாற்றிச் செய்தால் பலன் கிடையாது. பிசுக்குப் படிந்த மேடையில் நேராகக் கிருமிநாசினி அடித்தால், அது பிசுக்கின் மேல்தான் உட்காரும். அடியில் இருப்பதைத் தொடாது. ஹைட்ரஜன் பெராக்சைடு, ப்ளீச் (வெளுக்கப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) போன்றவற்றுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. உணவுத் துணுக்கையும் கிருமியையும் அவற்றுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோய்விடும்.

வாசனையை வைத்து எடைபோடும் பழக்கத்தையும் இங்கேயே விட்டுவிடலாம். 1847-ல் வியன்னா மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணக்கூறாய்வு முடித்துவிட்டுப் பிரசவ வார்டுக்குப் போகும் மருத்துவர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று விதித்தார். தாய்மார்களின் சாவு சட்டென்று குறைந்தது. அவர் அந்தக் கரைசலைத் தேர்ந்தெடுத்தது, கையிலிருந்து பிண வாடையை அது நன்றாகப் போக்கியது என்பதற்காக. கிருமிகளைப் பற்றி அப்போது யாருக்கும் தெளிவில்லை. நாற்றத்தைப் போக்கிய பொருளே கிருமியையும் கொன்றது அவருடைய நல்ல காலம். நமக்கு அந்த அதிர்ஷ்டம் எப்போதும் வாய்ப்பதில்லை. எலுமிச்சை மணம் வீசுகிற மேடை, கிருமி செத்த மேடையாக இருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

எந்தப் பொருளை எந்த வேலைக்கு நம்பலாம்

கொல்லும் வேலைக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு, ஆல்கஹால், கொதிநீர் ஆகிய மூன்றையும் நான் நம்புவேன். கீழே வரும் மற்றதெல்லாம் சுத்தம் செய்யும் பொருள்கள். அவையும் தேவைதான்; செய்யாத வேலைக்கு அவற்றுக்குப் பட்டம் கட்ட வேண்டாம்.

ஹைட்ரஜன் பெராக்சைடு 3 சதவீதக் கரைசலாக மருந்துக் கடையில் பழுப்பு நிற பாட்டிலில் கிடைக்கும். தண்ணீரில் ஓர் ஆக்சிஜன் அணு கூடுதலாக ஒட்டிக்கொண்டால் அதுதான் இது. அந்தக் கூடுதல் அணு எப்போது கழன்று ஓடலாம் என்று காத்திருக்கும். கழலும்போது அருகில் இருக்கும் கிருமியின் சுவரையும் புரதத்தையும் சிதைக்கும். வேலை முடிந்தபின் மிஞ்சுவது தண்ணீரும் ஆக்சிஜனும் மட்டுமே, எச்சம் எதுவும் இல்லை. பாட்டிலில் வருவது ஆலையில் தயாரானதுதான், அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் நம் உடம்பின் வெள்ளையணுக்களே கிருமியைக் கொல்ல இதைத்தான் சுரக்கின்றன. 'இயற்கை' என்ற சொல்லுக்கு இந்தப் பட்டியலிலேயே நெருக்கமான கிருமிநாசினி எது என்று கேட்டால் இதைத்தான் கைகாட்டுவேன்.

லேபிளில் '10 வால்யூம்' என்று போட்டிருந்தால் அது 3 சதவீதம். '20 வால்யூம்' என்றால் 6 சதவீதம். 6 சதவீதம் கிடைத்தால் சம அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம். 35 சதவீதம் என்று விற்பதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம். தோலில் பட்டால் வெந்துவிடும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

ஆல்கஹாலில் 70 சதவீதம்தான் கணக்கு. 'எவ்வளவு சுத்தமோ அவ்வளவு நல்லது' என்று தோன்றும், ஆனால் 99 சதவீதத்தைவிட 70 சதவீதம் நன்றாகக் கொல்லும். கிருமியின் புரதம் உருக்குலைய ஆல்கஹாலோடு தண்ணீரும் தேவை. தண்ணீர் இல்லாத ஆல்கஹால், உள்ளே இறங்கி வேலையை முடிப்பதற்குள் ஆவியாகிவிடும். கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்று கேட்டு வாங்குங்கள். மெத்தனால் கலந்த தொழிற்சாலை ஸ்பிரிட் விஷம். ஆவியை மூக்கில் இழுப்பதும் கெடுதல், தோல் வழியாகவும் உள்ளே போகும்.

வினிகர் என்பது 4 முதல் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம். சில பாக்டீரியாக்களைக் குறைக்கும், ஆனால் எல்லாவற்றையும் கொல்லும் என்று நம்பி உட்கார முடியாது. பச்சை இறைச்சி வெட்டிய பலகைக்கு வினிகர் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதன் உண்மையான திறமை உப்புக்கறையில் இருக்கிறது. குழாயில், ஷவரில், கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படியும் கால்சியம் கார்பனேட்டை அது கரைத்துவிடும். அந்தக் கறையின் சொரசொரப்புத்தான் கிருமிகள் குடியிருக்கும் இடம். அந்த வகையில் வினிகருக்கும் இந்தச் சண்டையில் ஒரு பங்கு உண்டு.

எலுமிச்சையில் இருப்பது சிட்ரிக் அமிலம். வேலை கிட்டத்தட்ட வினிகருடையதுதான், வாடை நன்றாக இருக்கும். ஆனால் பழச்சாற்றில் சர்க்கரையும் உண்டு. துடைத்துவிட்டுத் தண்ணீரால் அலசாவிட்டால் பிசுபிசுக்கும், எறும்பு வரும். சிட்ரிக் அமிலப் பொடி வாங்கிக் கரைத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

சமையல் சோடா கிருமிநாசினி இல்லை. மென்மையாகத் தேய்க்க உதவும், புளித்த வாடையை அடக்கும், அதோடு சரி. சலவை சோடா அதைவிடப் பல மடங்கு காரமானது, அடுப்பைச் சுற்றி இறுகிய எண்ணெய்க்கு அதுதான் மருந்து. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

தேயிலை மர எண்ணெய், யூகலிப்டஸ், லாவெண்டர் போன்ற வாசனை எண்ணெய்களைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். தேயிலை மர எண்ணெயில் டெர்பினென்-4-ஆல் என்ற பொருள் இருக்கிறது, அது கிருமியை எதிர்க்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு பாட்டில் தண்ணீரில் பத்துச் சொட்டு விட்டால் அந்த அளவு எங்கேயும் காணாது. தவிர எண்ணெய் தண்ணீரில் கரையாது. மேலே மிதந்துகொண்டு, ஸ்ப்ரே குழாய்க்குள் வராமல் இருக்கும். வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் தேயிலை மர எண்ணெயை அறவே தவிர்த்துவிடுங்கள். தரையில் பட்டதைக் காலில் ஒட்டிக்கொண்டு நக்கினால் அவற்றுக்கு நஞ்சு. இலை, தோல், வேர் எதையாவது ஊறவைத்து எடுக்கும் சாறுகளுக்கும் ஒரு சிக்கல் உண்டு. கெடாமல் வைக்க அதில் ஒன்றும் இல்லாததால், ஒரு வாரத்தில் அந்த பாட்டிலே கிருமி வளர்ப்புப் பண்ணையாகிவிடும்.

எங்கே அடிக்க வேண்டும்

வீடு முழுக்கக் கிருமிநாசினி அடிக்க அவசியமில்லை. நேரமும் வீண், மூக்குக்கும் எரிச்சல். வீட்டுக்கு வந்து கை கழுவும் வரை நீங்கள் எதையெல்லாம் தொடுகிறீர்கள் என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். கதவுக் கைப்பிடி, சுவிட்ச், கைபேசி, குழாய்த் திருகு. அதற்குப் பிறகு பகல் முழுக்கக் கை போகும் இடங்கள்: ஃபிரிட்ஜ் கைப்பிடி, ரிமோட், ஃப்ளஷ் பொத்தான், குப்பைத் தொட்டி மூடி. இவற்றோடு சமையலறை சிங்க், கட்டிங் போர்டு, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச். பட்டியல் அவ்வளவுதான். தரைக்கு வழக்கமான நாளில் சோப்புத் தண்ணீரே போதும். தவழும் குழந்தை இருந்தாலும் இதேதான் என் கருத்து.

தயாரித்து வைக்க வேண்டியவை

முதல் பாட்டில், கழுவுவதற்கு. அரை லிட்டர் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பு ஒரு டீஸ்பூன். இதைத்தான் அதிகம் பயன்படுத்தப் போகிறீர்கள். இதில் வினிகர் சேர்க்க ஆசை வரும். எண்ணெயிலிருந்து காய்ச்சிய இயற்கை சோப்பாக இருந்தால் சேர்க்கவே கூடாது. அமிலம் பட்டதும் சோப்பு முறிந்து, திரிந்த பால் போல வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும். அதை வைத்துத் துடைத்தால் கண்ணாடியெல்லாம் கொழுப்புப் படலம்தான் மிச்சம்.

இரண்டாவது, பெராக்சைடு. இதைக் 'கலக்க' வேண்டியதே இல்லை. வாங்கிய பழுப்பு பாட்டிலின் மூடியைக் கழற்றிவிட்டு, அதே பாட்டிலில் ஸ்ப்ரே தலையைப் பொருத்துங்கள். வெளிச்சம் பட்டால் பெராக்சைடு சிதைந்து வெறும் தண்ணீராகிவிடும், அதனால்தான் பழுப்பு பாட்டிலில் வருகிறது. அழகாக இருக்கிறதே என்று வெளிச்சம் புகும் நிறமில்லாத பாட்டிலுக்கு மாற்றினால் கொஞ்ச நாளில் நீங்கள் தெளிப்பது தண்ணீர். உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, சிங்கின் ஓரத்தில் இரண்டு சொட்டு விட்டு ஒரு துண்டு உருளைக்கிழங்கை அதில் வைத்துப் பாருங்கள். நுரைத்தால் சரக்கு இன்னும் இருக்கிறது.

மூன்றாவது, ஆல்கஹால். 70 சதவீதமாகவே கிடைத்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். 99 சதவீதம் கிடைத்தால், அளவுக் குவளையில் 700 மி.லி. ஊற்றி, மொத்தம் 1 லிட்டர் கோடு வரும் வரை காய்ச்சி ஆறிய தண்ணீர் சேருங்கள். 95 சதவீதமாக இருந்தால் 735 மி.லி. எடுக்க வேண்டும். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் எரியக்கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும்.

நான்காவது, உப்புக்கறைக்கு. வினிகரும் தண்ணீரும் சம அளவு. அல்லது ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 2 மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலப் பொடி. இது கொல்லும் பாட்டில் இல்லை, கரைக்கும் பாட்டில். லேபிளிலும் அப்படியே எழுதிவிடுங்கள்.

அடிக்கும் முறை: ஒரு கட்டிங் போர்டை எடுத்துக்கொள்வோம்

மற்ற இடங்களுக்கும் இதே வரிசைதான் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். என்னிடம் இருக்கும் பலகை வெள்ளை பிளாஸ்டிக். நடுவில் கத்தி பட்டுப் பட்டு, தலைமயிர் மாதிரி மெல்லிய கீறல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தால் அந்தக் கீறல்களுக்குள் மங்கலான பழுப்புக் கோடுகள் தெரியும். கிருமி இருப்பது அங்கேதான்.

1. ஒட்டியிருக்கும் துணுக்குகளைச் சுரண்டித் தள்ளிவிட்டு, சூடான சோப்புத் தண்ணீரில் பிரஷ்ஷால் தேயுங்கள். ஸ்பாஞ்ச் கீறலுக்குள் இறங்காது, பிரஷ் இறங்கும். கீறல் ஓடும் திசையிலேயே தேய்ப்பது முக்கியம்.

2. ஓடும் தண்ணீரில் அலசுங்கள். சோப்பு மிச்சமிருக்கக் கூடாது.

3. தண்ணீர் சொட்டாத அளவுக்குத் துடையுங்கள். தண்ணீர் தேங்கிய பலகையில் அடித்தால் 3 சதவீதம் என்பது 1 சதவீதமாகிவிடும்.

4. பெராக்சைடை முழுப் பரப்பும் பளபளவென்று ஈரமாகும்படி தெளியுங்கள். தூவானம் போல அங்கங்கே புள்ளி விழுந்தால் போதாது.

5. இப்போது கவனியுங்கள். என் பலகையில் முதல்முறை செய்தபோது நடுக் கீறல்களில் மட்டும் மெல்லிய வெள்ளை நுரைக் கோடு எழுந்தது. கழுவி முடித்தாயிற்று என்று நினைத்த பலகை அது. உணவுத் துணுக்கிலும் பல பாக்டீரியாக்களிலும் கேட்டலேஸ் என்ற நொதி இருக்கிறது, பெராக்சைடை உடைத்து ஆக்சிஜனாக்குவது அதுதான். நுரை வந்தால் அங்கே இன்னும் அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். முதல் படிக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

6. நுரை இல்லையா? 10 நிமிடம் அப்படியே விடுங்கள். நடுவில் காய்ந்தால் மறுபடி தெளியுங்கள்.

7. தண்ணீரில் அலசி, சுவரில் சாய்த்து நிறுத்தி, இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி உலரவிடுங்கள். படுக்கப் போட்டால் அடிப்பக்கம் ஈரம் அப்படியே நிற்கும்.

ஆறாவது படியில்தான் எல்லோரும் சறுக்குவோம். தெளித்த கையோடு துடைப்பது நம் ரத்தத்திலேயே ஊறிய பழக்கம். என் அக்கா ஒருநாள் வந்து நான் சும்மா நிற்பதைப் பார்த்துவிட்டு, "என்னடி, அடிச்சிட்டு வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்கிற?" என்றாள். அதுதான் வேலையே. பரப்பு ஈரமாக இருக்கும் நேரம்தான் கிருமி சாகும் நேரம். பெராக்சைடுக்கு 10 நிமிடம், ஆல்கஹாலுக்கு 1 நிமிடமாவது. ஆல்கஹால் சீக்கிரம் பறந்துவிடும் என்பதால் தாராளமாக நனைக்க வேண்டும். கைப்பிடியில் ஒரு தடவை தெளித்து உடனே துடைத்தால் கைப்பிடி மினுங்கும், அவ்வளவுதான்.

கீறல் ஆழமாகி, பிரஷ்ஷும் எட்டாத நிலைக்கு வந்துவிட்டால் பலகையை மாற்றிவிடுங்கள். எந்தத் திரவமும் அதைக் காப்பாற்றாது.

சமையலறையில் மற்றவை

ஸ்பாஞ்சுக்குத் திரவமே வேண்டாம், சூடு போதும். நன்றாக நனைத்து, உலோகக் கம்பி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மைக்ரோவேவில் 1 முதல் 2 நிமிடம் வையுங்கள். காய்ந்த ஸ்பாஞ்சை வைத்தால் தீப்பிடிக்கும், ஈரம் கட்டாயம். எடுக்கும்போது கொதிக்கும், இடுக்கியால் எடுங்கள். மைக்ரோவேவ் இல்லாவிட்டால் கொதிக்கும் தண்ணீரில் 5 நிமிடம். பிறகு பிழிந்து, சிங்கின் மூலையில் போடாமல் தொங்கவிடுங்கள். இத்தனை செய்தாலும் அதற்கு ஆயுள் கொஞ்சம்தான். வாடை வர ஆரம்பித்ததும் தூக்கிப் போட்டுவிடுவது உத்தமம்.

சிங்கில் முதலில் சமையல் சோடா தூவித் தேய்த்து அலசுங்கள். பிறகு, வேறு நேரத்தில் இல்லை, அப்போதே பெராக்சைடு. வடிகால் துளையைச் சுற்றியுள்ள வளையத்தை மறக்காதீர்கள், பழைய பல் துலக்கும் பிரஷ் அதற்கு நன்றாகப் பொருந்தும். அடைத்த குழாயில் சோடாவும் வினிகரும் ஊற்றினால் பொங்கும், அடைப்பு போகாது. சும்மா கொதிநீர் ஊற்றினாலே பிசுக்கு இளகும். பி.வி.சி. குழாயாக இருந்தால் கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல் கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றவும்.

மைக்ரோவேவ் உள்ளே தெறித்துக் காய்ந்த கறைக்கு, ஒரு கிண்ணம் தண்ணீரில் இரண்டு கரண்டி வினிகர் விட்டு, உள்ளே ஒரு மரக்கரண்டியையும் போட்டு 4 நிமிடம் ஓடவிடுங்கள். கரண்டி எதற்கென்றால், சலனமில்லாமல் சூடேறிய தண்ணீர் தொட்டதும் சட்டென்று பொங்கிக் கையைச் சுட்டுவிடும். மரம் இருந்தால் அப்படி ஆகாது. நிறுத்தியபின் 5 நிமிடம் கதவைத் திறக்காமல் விட்டால் ஆவியே பாதி வேலையை முடித்து வைத்திருக்கும்.

குளியலறை

ஷவர் தலையில் துளைகள் அடைத்துக்கொண்டு தண்ணீர் கோணல்மாணலாகப் பீய்ச்சுகிறதா? ஒரு பிளாஸ்டிக் பையில் வினிகரை ஊற்றி, ஷவர் தலை அதில் மூழ்கும்படி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, 1 மணி நேரம் விடுங்கள். முலாம் பூசியதை இரவு முழுக்க விட்டால் முலாம் மங்கும்.

டாய்லெட்டில் வரிசை முக்கியம். வெளியே ஃப்ளஷ் பொத்தான், பிறகு மூடி, இருக்கை, கடைசியில் உள்பக்கம். சுத்தமான இடத்திலிருந்து அழுக்கு இடத்துக்குப் போக வேண்டும், திரும்பி வரக்கூடாது. அந்தத் துணியை வேறெங்கும் பயன்படுத்தாமல் இருக்க நிறம் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் சிவப்பு என்றால் டாய்லெட், வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

டைல்ஸ் இடுக்கில் கருப்பாகப் பூக்கும் பூஞ்சணத்துக்குப் பலரும் வினிகரைச் சொல்வார்கள். நான் பெராக்சைடைச் சொல்வேன். இடுக்கில் பூசியிருக்கும் சிமென்டை அமிலம் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். அரித்த குழியில் பூஞ்சணம் இன்னும் வசதியாக உட்காரும். பெராக்சைடு தெளித்து 10 நிமிடம் விட்டு, பிரஷ்ஷால் தேய்த்து அலசுங்கள். ஆனால் ஈரம் நிற்கும் வரை அது திரும்பத் திரும்ப வரத்தான் செய்யும். குளித்து முடித்ததும் சுவரில் நிற்கும் தண்ணீரை வழித்துவிட்டு, ஜன்னலையோ எக்ஸாஸ்ட் ஃபேனையோ அரைமணி நேரம் திறந்துவிடுவது எந்த பாட்டிலைவிடவும் அதிகம் சாதிக்கும். சுவரில் 1 சதுர மீட்டருக்கு மேல் பரவியிருந்தால் இது வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது. தண்ணீர் எங்கே கசிகிறது என்று ஆள் வைத்துப் பார்க்க வேண்டும்.

கைபேசி, ரிமோட், துணி

கைபேசியின் மேல் எதையும் நேராகத் தெளிக்காதீர்கள். அணைத்துவிட்டு, மைக்ரோஃபைபர் துணியை ஆல்கஹாலில் லேசாக நனைத்து, பிழிந்து துடையுங்கள். வினிகரும் பெராக்சைடும் திரையின் மேல்பூச்சுக்கு ஆகாது. ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பொத்தான்களின் இடுக்கில் பஞ்சுக் குச்சியால் துடைக்கலாம்.

நோயாளியின் துணி, தலையணை உறை, துண்டு இவற்றுக்கு 60 டிகிரி தண்ணீரில் சலவை. துணி தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல வெயிலில் உலர்த்துவது கூடுதல் நன்மை. புற ஊதாக் கதிரும் வறட்சியும் கிருமிக்கு ஒத்துவராது. பெராக்சைடு பட்டால் சாயத் துணி வெளுக்கும், ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

எந்தப் பரப்பில் எது ஆகாது

பளிங்குக் கல்லும் சுண்ணாம்புக் கல்லும் கால்சியம் கார்பனேட். வினிகர் கரைக்கும் உப்புக்கறையும் அதேதான். இந்த இரண்டு வரியையும் சேர்த்து யோசித்திருந்தால், எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து வைத்து என் மேசையில் ஒரு வளையத்தை உண்டாக்கியிருக்க மாட்டேன். கறை என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். சாய்வாகப் பார்த்தால்தான் தெரிந்தது, அந்த வட்டத்தில் மட்டும் மெருகு போயிருக்கிறது. கல் அரித்துப் போனதை எதைக் கொண்டு துடைப்பது?

கிரானைட்டின் மேல்பூச்சுக்கும் அமிலம் நல்லதல்ல. வார்ப்பிரும்பு, அலுமினியப் பாத்திரங்களுக்கும் அப்படியே. அலுமினியம் சலவை சோடாவிலும் கறுக்கும். மெருகெண்ணெய் பூசிய மரத்தில் ஆல்கஹால் பட்டால் வெள்ளைத் திட்டு விழும்.

ஒன்றோடு ஒன்று சேரவே கூடாதவை

வாணலியில் கலப்பதுபோலக் கையில் கிடைத்ததையெல்லாம் கலப்பவர்களுக்கு இந்தப் பகுதி.

ப்ளீச்சோடு வினிகரோ எலுமிச்சையோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில் ஆளைக் கொல்லப் பயன்பட்ட அதே வாயு. டாய்லெட் ஆசிடோடு ப்ளீச் சேர்ந்தாலும் அதேதான். ப்ளீச்சோடு அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் சேர்ந்தால் குளோரமைன் வாயு. அதுவும் நுரையீரலைப் பிடுங்கும். ப்ளீச்சோடு ஆல்கஹாலும் கூடாது. பெராக்சைடையும் வினிகரையும் ஒரே பாட்டிலில் அடைத்தால் பெர்அசிட்டிக் அமிலம் உண்டாகி, கண்ணையும் தொண்டையையும் அரிக்கும்.

வேண்டுமென்று யாரும் கலப்பதில்லை. நேற்று ஒன்றை ஊற்றி அலசாமல் விட்ட டாய்லெட்டில் இன்று இன்னொன்றை ஊற்றுவதுதான் வழக்கமாக நடக்கும் விபத்து. மூக்கில் காரமாக ஏறினால் துடைத்துக்கொண்டு நிற்க வேண்டாம். உடனே வெளியே வந்து, ஜன்னல் கதவைத் திறந்து, காற்று மாறும் வரை உள்ளே போகாதீர்கள். மூச்சுத் திணறினால் மருத்துவமனைக்குத்தான்.

இது போதாத நேரங்கள்

வீட்டில் யாருக்காவது வாந்தியும் பேதியும் ஒன்றாக வந்தால் நோரோவைரஸாக இருக்கலாம். அதற்கு ஆல்கஹால் சரிவர வேலை செய்யாது, வினிகரைக் கேட்கவே வேண்டாம். அன்றைக்கு மட்டும் 'இயற்கை' என்ற கொள்கையை ஓரம் வைத்துவிட்டு ப்ளீச்சை எடுத்துவிடுவேன். 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மி.லி. கலந்தால் 0.1 சதவீதக் கரைசல். வாந்தி எடுத்த இடத்துக்கே என்றால் லிட்டருக்கு 100 மி.லி. வரை போகலாம். முதலில் காகிதத்தால் எல்லாவற்றையும் வழித்தெடுத்துப் பையில் கட்டிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக அலசிய பிறகுதான் ப்ளீச். கையுறை, திறந்த ஜன்னல், 10 நிமிடம் ஈரம். மிச்சத்தை வைத்திருக்காமல் அன்றன்றைக்கே புதிதாகக் கலக்க வேண்டும், வைத்தால் வீரியம் போய்விடும். கை கழுவவும் சானிடைசரை நம்பாமல் சோப்பும் தண்ணீரும்.

ரத்தம் சிந்திய இடம், புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொள்பவர் இருக்கும் வீடு, உறுப்பு மாற்று செய்துகொண்டவர், குறைமாதத்தில் பிறந்த குழந்தை. இந்த இடங்களில் நான் சொன்ன எதையும் வைத்து முடிவெடுக்காமல், அவர்களைப் பார்க்கும் மருத்துவரிடம் எதை வைத்துச் சுத்தம் செய்வது என்று கேட்டுவிடுங்கள்.

பாட்டில், லேபிள், அலமாரி

குடிதண்ணீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ எதையும் ஊற்றி வைக்காதீர்கள். நிறமில்லாத திரவம், தாகத்தில் வரும் பிள்ளை. அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ப்ரே பாட்டிலில் உள்ளே என்ன, எத்தனை சதவீதம், கலந்த தேதி ஆகிய மூன்றையும் எழுதி ஒட்டி, மேலே செலோ டேப் சுற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஈரக் கையில் மை கலைந்துவிடும். சோப்புத் தண்ணீரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கலாம். திறந்த பெராக்சைடை மாதத்துக்கு ஒருமுறை உருளைக்கிழங்கு வைத்துச் சோதியுங்கள். ஆல்கஹால் அடுப்பிலிருந்து தள்ளி, குளிர்ந்த அலமாரியில், பிள்ளைகளுக்கு எட்டாத தட்டில்.

வினிகர் பாட்டிலையும் சமையல் சோடா டப்பாவையும் என் வீட்டில் இப்போது வேறு வேறு தட்டில் வைத்திருக்கிறேன்.